எந்தக் கோள் எவ்ளோ பெருசு? ஒரு கிராப் ஷீட்ல நீங்களே போட்டுப் பாக்குறது எப்படி

பள்ளிக்கூட செவுத்துல தொங்குற சூரியக் குடும்ப சார்ட்ட வெச்சு எந்தக் கோள் எவ்ளோ பெருசுன்னு முடிவு பண்ணிடாதீங்க. அதுல வியாழன் பூமியவிட மூணு மடங்கோ நாலு மடங்கோ இருக்கும், செவ்வாயும் வெள்ளியும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சைஸ்ல நிக்கும், நிலாங்க எல்லாம் வெறும் புள்ளி. சார்ட் போடுறவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, நெஜ அளவுல போட்டா பாதி ஐட்டம் கண்ணுக்கே தெரியாது, பேர் எழுதவும் எடம் இருக்காது. யூடியூப்ல வர்ற சைஸ் கம்பேரிசன் வீடியோ பாக்க ஜம்முனுதான் இருக்கும், ஆனா கேமரா பின்னாடி போய்க்கிட்டே இருக்கிறதால எது எதவிட எத்தன மடங்குன்னு வீடியோ முடிஞ்சதும் மறந்துடும். ஒரு தடவ கையால வரைஞ்சு பாத்துட்டா அப்புறம் மறக்காது, அதனால அந்த வழிய சொல்றேன்.

வேணுங்கிறது ரொம்ப ஒண்ணும் இல்ல. மி.மீ. கட்டம் போட்ட கிராப் ஷீட் ரெண்டு மூணு, பசங்க ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருக்கிற காம்பஸ், நல்லா கூரா சீவின பென்சில், போன்ல இருக்கிற கால்குலேட்டர். அவ்ளோதான்.

வரையறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்த முடிவு பண்ணிக்கணும், "பெருசு"ன்னு எத சொல்றோம்? ஒரு ஓரத்துலேருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் இருக்கிற விட்டமா, உள்ள எவ்ளோ கொள்ளும்ங்கிற கன அளவா, இல்ல எவ்ளோ கனம்ங்கிற நிறையா? இந்த மூணும் மூணு விதமா வரிசை போடும். ஆன்லைன்ல நடக்குற "இது பெருசு, இல்ல அதுதான் பெருசு" சண்டையில பாதி, ஒருத்தர் விட்டத்தையும் இன்னொருத்தர் நிறையையும் மனசுல வெச்சுக்கிட்டு பேசுறதாலதான் வருது. நாம மொதல்ல விட்டம், அப்புறம் மத்தது.

ஸ்கேல் என்ன வெக்கலாம்னு மண்டைய ஒடச்சுக்க வேணாம், 1 மி.மீ. = 1,000 கி.மீ. கிராப் ஷீட்ல ஒரு குட்டிக் கட்டம் ஆயிரம் கி.மீ. இதுல என்ன சவுகரியம்னா கணக்கே போட வேண்டியதில்ல, கி.மீ. நம்பர்ல கடைசி மூணு இலக்கத்த வெட்டிட்டா மி.மீ. வந்துடும். பெரிய வியாழனும் ஒரே ஷீட்ல அடங்கும், சின்னக் குறுங்கோள் ஏரிஸும் பென்சில் முனைக்கு சிக்கும். வேற ஸ்கேல் எடுத்தா ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா கோட்டை விடும்.

இதோ சராசரி விட்டம், கி.மீ.ல, பெருசுலேருந்து சின்னதுக்கு. கோள், நிலா, குறுங்கோள்னு பிரிக்காம வேணும்னேதான் கலந்து போட்டிருக்கேன் (கானிமீட், கலிஸ்டோ, அயோ, யூரோப்பா வியாழனோட நிலாங்க, டைட்டன் சனியோடது, ட்ரைட்டன் நெப்டியூனோடது, புளூட்டோவும் ஏரிஸும் குறுங்கோள்):

வியாழன் 1,39,820
சனி 1,16,460
யுரேனஸ் 50,724
நெப்டியூன் 49,244
பூமி 12,742
வெள்ளி 12,104
செவ்வாய் 6,779
கானிமீட் 5,268
டைட்டன் 5,150
புதன் 4,879
கலிஸ்டோ 4,821
அயோ 3,643
நம்ம நிலா 3,474
யூரோப்பா 3,122
ட்ரைட்டன் 2,707
புளூட்டோ 2,377
ஏரிஸ் 2,326

இதுக்குக் கீழயும் நெறைய இருக்கு, யுரேனஸோட டைட்டானியா 1,577, குறுங்கோள் மகேமகே சுமார் 1,430, புளூட்டோவோட சாரன் 1,212, சீரிஸ் சுமார் 940, சனியோட என்செலடஸ் 504, அப்புறம் செவ்வாயோட போபோஸ் வெறும் 22 கி.மீ. போபோஸ நம்ம ஸ்கேல்ல போட முடியாது, மி.மீ.ல நாப்பதுல ஒரு பங்குகூட வராது, விட்டுடுங்க.

வரையும்போது எல்லாரும் சறுக்குற எடம் ஒண்ணு இருக்கு. மேல இருக்கிறது விட்டம், காம்பஸ்ல விரிக்கிறது ஆரம். வியாழனுக்கு 140 மி.மீ. விரிச்சீங்கன்னா ஷீட்ட தாண்டிப் போயிடும், அதனால தப்பு ஒடனே தெரிஞ்சிடும், ஆனா பூமிக்கு 12.7 விரிச்சா சந்தேகமே வராது, ரெண்டு மடங்கு பூமி வந்து ஒக்காந்திருக்கும், கணக்கு பூரா காலி. பாதியாக்கி விரிங்க: வியாழன் 70, சனி 58, யுரேனஸ் 25.4, நெப்டியூன் 24.6, பூமி 6.4, வெள்ளி 6, செவ்வாய் 3.4. அதுக்குக் கீழ காம்பஸ் வேலைக்கு ஆகாது, ஊசி குத்தின ஓட்டையே பெருசா இருக்கும். கிராப் கட்டத்துல அஞ்சு கட்டம், மூணரை கட்டம்னு எண்ணி கையால வட்டம் போட்டுக்கோங்க. எல்லாத்தையும் தனித்தனியா போடாம, வியாழன மொதல்ல வரைஞ்சிட்டு மத்தத அதோட விளிம்ப தொடுற மாதிரி உள்ளயே அடுக்குங்க, அப்பதான் பக்கத்து பக்கத்துல வெச்சுப் பாக்க வசதி. சனிக்கு மட்டும் தனி ஷீட். வளையத்தையும் சேக்கணும்னா ரெண்டு ஷீட்ட ஒட்டணும், ஏன்னா பளிச்சுன்னு தெரியுற வளையங்களோட வெளி விளிம்பு வரைக்கும் குறுக்கால சுமார் 2,73,000 கி.மீ., அதாவது 27 செ.மீ.

போட்டு முடிச்சிட்டு கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்க. மொதல்ல கண்ணுல அடிக்கிறது நெப்டியூனுக்கும் பூமிக்கும் நடுவுல இருக்கிற பள்ளம். 49லேருந்து நேரா 12.7, நடுவுல ஒண்ணுமே கெடையாது. மத்த நட்சத்திரங்கள சுத்துற கோள்கள்ல இந்த நடு சைஸ்ல நெறைய கண்டுபிடிச்சிருக்காங்க, நம்ம வீட்ல மட்டும் இல்ல. அடுத்தது ட்ரைட்டனுக்கும் டைட்டானியாவுக்கும் நடுவுல, 2.7லேருந்து 1.6. அந்த இடைவெளியில ஒரு நிலாகூட கெடையாது, புளூட்டோவும் ஏரிஸும்தான் அங்க குடியிருக்கு.

அப்புறம் அந்த நாலு பேர். கானிமீட், டைட்டன், புதன், கலிஸ்டோ. நாலும் 5 மி.மீ. சுத்தி, நாலு மிளக பக்கத்துல வெச்ச மாதிரி, வரைஞ்சதுக்கப்புறம் பேர் எழுதலன்னா எது எதுன்னு உங்களுக்கே தெரியாது. இதுல புதன் மட்டும் கோள், மத்த மூணும் நிலா. சைஸ வெச்சுதான் கோள்னு பட்டம் குடுப்பாங்கன்னு நெனச்சிட்டிருந்தா அந்த நெனப்பு இங்கயே ஒடைஞ்சிடும். சூரியன சுத்துதா, இன்னொரு கோள சுத்துதாங்கிறதுதான் மொத கேள்வி. 2006ல பிராக் நகரத்துல சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவ குறுங்கோள் பட்டியலுக்கு மாத்தினப்பவும் சைஸுக்குன்னு ஒரு நம்பர் கோடு கிழிக்கல, தன் பாதைய சுத்தமா தனக்குன்னு வெச்சிருக்காங்கிறதத்தான் பாத்தாங்க. சைஸ மட்டும் பாத்தா நம்ம நிலாவையும் சேத்து ஏழு நிலா புளூட்டோவவிட பெருசு, லிஸ்ட்ல எண்ணிப் பாத்துக்கலாம்.

இந்த கானிமீட் 5,268ங்கிற நம்பர் எங்கேருந்து வருதுன்னு யோசிச்சா அதுல நம்ம ஊரும் இருக்கு. 1972 ஜூன் 7 அன்னிக்கு கானிமீட் ஒரு நட்சத்திரத்துக்கு குறுக்கால போச்சு. நட்சத்திரம் எத்தன செகண்ட் மறையுதுன்னு பாத்து, கானிமீட் போற வேகத்தால பெருக்கினா, மறைச்ச எடத்தோட நீளம் வந்துடும். அத நம்ம ஜவ்வாது மலை காவலூர் வானாய்வகத்துலேருந்தும் இந்தோனேசியாவுல லெம்பாங்லேருந்தும் பாத்தாங்க. ரெண்டு எடம் ஏன்னா, ஒரு எடத்துலேருந்து பாத்தா கானிமீட்டோட நடு வழியா மறைஞ்சுதா ஓரமா உரசிட்டுப் போச்சான்னு தெரியாது, ரெண்டு கோடு கெடைச்சா வட்டத்த பொருத்திடலாம். அப்ப வந்த விட்டம் சுமார் 5,270 கி.மீ., விண்கலம் ஒண்ணும் கிட்ட போகாத காலத்துல.

டைட்டன் கத வேற மாதிரி. ரொம்ப வருஷம் அதுதான் நிலாக்கள்லயே பெருசுன்னு புத்தகத்துல போட்டிருந்தாங்க. 1980 நவம்பர்ல வாயேஜர் 1 விண்கலம் பக்கத்துல போனப்பதான் தெரிஞ்சுது, இவ்ளோ நாளா நாம பாத்தது தரைய இல்ல, அதுமேல கம்பளி மாதிரி போத்தியிருக்கிற கெட்டிப் புகை மூட்டத்தன்னு. தரைய மட்டும் எடுத்தா 5,150, கானிமீட்டுக்கு அடுத்தபடிதான். அதனால காத்து மண்டலம் இருக்கிற எதையாவது ஒப்பிடும்போது தரையோட விட்டமா, மேகத்தையும் சேத்தான்னு பாத்துக்கோங்க. வியாழன், சனிக்கெல்லாம் தரைன்னே ஒண்ணு கெடையாது, நம்ம ஊர் காத்தழுத்தம் அளவுக்கு அழுத்தம் இருக்கிற மட்டத்த எடுத்து அதையே விளிம்புன்னு வெச்சுக்கிறாங்க.

சரி, விட்டம் ஆச்சு. கன அளவுக்கு போலாம். கால்குலேட்டர்ல பெரிய விட்டத்த சின்ன விட்டத்தால வகுத்து, வந்த நம்பர மூணு தடவ எழுதி ஒண்ணோட ஒண்ணு பெருக்குங்க. வியாழன் வகுத்தல் பூமி 10.97, அத மூணு தடவ பெருக்கினா 1,320ன்னு சொச்சம். "வியாழனுக்குள்ள 1,300 பூமி போகும்"னு எல்லாரும் சொல்றது இதத்தான், ஆனா பூமிய அரைச்சு ஊத்தினாத்தான் அத்தன போகும், உருண்டையா அடுக்கினா நடுவுல சந்து விழும், கம்மியாத்தான் புடிக்கும். பூமி வகுத்தல் நிலா 3.67, மூணு தடவ பெருக்கினா 49. விட்டத்துல நாலு மடங்குகூட இல்லாதது கன அளவுல அம்பது மடங்கு ஆயிடுது பாருங்க.

பரப்பளவுக்கு இன்னும் ஈசி, விட்டத்த அதாலயே பெருக்கி 3.1416ஆல ஒரு தடவ பெருக்கினா மொத்த மேல்பரப்பு. புளூட்டோவுக்கு போட்டா சுமார் 1.77 கோடி சதுர கி.மீ. வரும், ரஷ்யா 1.71 கோடி. ஒரு குறுங்கோள் மொத்தமும் ஒரு நாட்டவிட கொஞ்சூண்டுதான் பெருசு. செவ்வாய்க்கு போட்டா 14.4 கோடி, பூமியில கடல எடுத்துட்டு நிலம் மட்டும் பாத்தா சுமார் 14.9 கோடி, கிட்டத்தட்ட சரிக்கு சரி.

நிறை மட்டும் வரைஞ்சு கண்டுபிடிக்க முடியாது, நம்பர் எடுத்துதான் பாக்கணும், ஆனா எடுத்தா சுவாரசியமா இருக்கும். வியாழன் கன அளவுல 1,320 பூமி, நிறையில 318தான், ஏன்னா பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும். கானிமீட் புதனவிட பெருசு, ஆனா நிறை புதன்ல 45 சதவீதம்தான், அது பாதி பனிக்கட்டி, புதன் உள்ள பெரும்பாலும் இரும்பு. யுரேனஸ் நெப்டியூனவிட விட்டத்துல பெருசு, நிறையில நெப்டியூன்தான் ஜாஸ்தி, 17 பூமிக்கு 14 பூமி சொச்சம்.

ஏரிஸும் அப்படித்தான், புளூட்டோவவிட சின்னது ஆனா 27 சதவீதம் கனம் ஜாஸ்தி. 2005ல ஏரிஸ அறிவிச்சப்ப அது புளூட்டோவவிட பெருசுன்னுதான் நெனச்சாங்க, புளூட்டோ பதவி போனதுக்கே அந்த நெனப்புதான் ஆரம்பம். தூரத்துல இருக்கிறது ஒரு வெளிச்சப் புள்ளியாத்தான் தெரியும், வெளிச்சத்த வெச்சு சைஸ் சொல்லணும்னா அதோட மேல்பரப்பு எவ்ளோ வெளிச்சத்த திருப்பி அடிக்குதுன்னு தெரியணும். ஏரிஸ் தன்மேல விழுற வெளிச்சத்துல 90 சதவீதத்துக்கு மேல திருப்பி அனுப்புது, நம்ம நிலா 12 சதவீதம்தான், அதனால ஏரிஸ் இருக்கிறதவிட பெருசா தெரிஞ்சுது. 2010ல ஒரு நட்சத்திரத்த அது மறைச்சப்ப 2,326 வந்துச்சு, 2015 ஜூலைல நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவ நேர்ல பாத்து 2,377ன்னு முடிச்சு வெச்சுது. வித்தியாசம் 51 கி.மீ., உங்க ஷீட்ல பென்சில் கோட்டு தடிமனவிட கம்மி.

இப்ப நீங்க போட்ட ஷீட்டயும் கால்குலேட்டரையும் வெச்சு ஒரு ஃபார்வர்ட செக் பண்ணலாம். "பூமிக்கும் நிலாவுக்கும் நடுவுல மத்த ஏழு கோளையும் வரிசையா வெச்சா அடங்கிடும்"னு ஒரு படம் அடிக்கடி சுத்தும். நெஜமா? மேல இருக்கிற சராசரி விட்டத்துல பூமிய விட்டுட்டு ஏழையும் கூட்டுங்க, 3,80,010 வரும். நிலாவோட சராசரி தூரம் 3,84,400, அடங்கிடுச்சுன்னு தோணும். ஆனா அந்த 3,84,400 நடுப்புள்ளிலேருந்து நடுப்புள்ளிக்கு. பூமியோட ஆரம் 6,371, நிலாவோட ஆரம் 1,737 ரெண்டையும் கழிச்சா காலி எடம் 3,76,292தான், அடங்கல! அதே நிலா தன் பாதையில ரொம்ப தள்ளிப் போறப்ப சுமார் 4,05,500 கி.மீ. வரைக்கும் போகும், அப்ப தாராளமா அடங்கும்.

இன்னும் வேடிக்கை இருக்கு. நெறைய கோள்கள் சரியான உருண்டை கெடையாது, வேகமா சுத்துறதால நடு வயிறு பிதுங்கி இருக்கும். சனி பத்தரை மணி நேரத்துக்கு ஒரு சுத்து, அதோட நடுக்கோட்டு விட்டம் 1,20,536, துருவத்துலேருந்து துருவம் 1,08,728. வித்தியாசமே 11,800 கி.மீ., கிட்டத்தட்ட ஒரு வெள்ளி. ஏழு கோளையும் வயித்துப் பக்கமா படுக்க வெச்சு கூட்டினா 3,87,941, நடுப்புள்ளி கணக்குலகூட அடங்காது. துருவம் துருவமா நிறுத்தி வெச்சு கூட்டினா சுமார் 3,64,800, ஆரத்த கழிச்ச பிறகும் அடங்கிடும். ஆக அந்தப் படம் பொய்யும் இல்ல உண்மையும் இல்ல, எந்த விட்டம் எந்த தூரம்னு சொல்லாம விட்டுட்டாங்க, அவ்ளோதான். ஹௌமியாங்கிற குறுங்கோளுக்கு இந்தப் பிரச்சன இன்னும் மோசம், நாலு மணி நேரத்துக்குள்ள ஒரு சுத்து சுத்தி முட்ட வடிவத்துல நீண்டு போய் கெடக்கு, நீளப் பக்கம் சுமார் 2,300 கி.மீ., குட்டப் பக்கம் அதுல பாதிக்கும் கம்மி, அதனாலதான் மேல லிஸ்ட்ல அத சேக்கல. அத வட்டமா போடாதீங்க.

தாய்க் கோளுக்கும் நிலாவுக்கும் என்ன விகிதம்னு பாக்கணும்னா சின்னத பெருசால வகுங்க. கானிமீட் இவ்ளோ பெரிய நிலா, ஆனா வியாழன்ல 4 சதவீதம்கூட இல்ல. டைட்டன் சனியில 4.4. நம்ம நிலா பூமியில 27 சதவீதம், எட்டு கோள்கள்ல இந்த அளவுக்கு பெரிய நிலா வெச்சிருக்கிறது நாம மட்டும்தான். அதையும் தூக்கி சாப்பிடுறது சாரன், புளூட்டோவுல 51 சதவீதம்.

கடைசியா வானத்துல தெரியுற சைஸ். இத நெஜ சைஸோட குழப்பிக்கிட்டுத்தான் வருஷா வருஷம் ஆகஸ்ட்ல "இன்னிக்கு ராத்திரி செவ்வாய் நிலா அளவுக்கு தெரியும், ரெண்டு நிலா பாக்கலாம்"னு வாட்ஸாப்ல வருது. இது 2003ல ஆரம்பிச்சது. அந்த வருஷம் ஆகஸ்ட்ல செவ்வாய் நெஜமாவே ரொம்ப கிட்ட வந்துச்சு, சுமார் 5.58 கோடி கி.மீ. 75 மடங்கு பெருசாக்குற டெலஸ்கோப்ல பாத்தா வெறுங்கண்ணுக்கு நிலா தெரியுற அளவு தெரியும்ங்கிறதுதான் ஒரிஜினல் தகவல், ஃபார்வர்ட் ஆக ஆக டெலஸ்கோப் கழண்டு போச்சு. நீங்களே சரிபாக்கலாம்: செவ்வாய் நிலாவவிட 1.95 மடங்கு பெருசு, அப்ப நிலா அளவுக்கு தெரியணும்னா நிலாவவிட 1.95 மடங்கு தூரத்துல இருக்கணும், அதாவது ஏழரை லட்சம் கி.மீ. 5.58 கோடி எங்க, ஏழரை லட்சம் எங்க.

தெரியுற சைஸ்லேருந்து நெஜ சைஸுக்கு போகணும்னா ஃபார்முலா ஒண்ணுதான். போன்ல இருக்கிற வானியல் ஆப்ல எந்தக் கோள தொட்டாலும் கோண அளவ ஆர்க்செகண்ட்லயும் (ஒரு டிகிரிய 3,600ஆ பிரிச்சா வர்ற ஒரு பங்கு), கூடவே தூரத்தையும் காட்டும். ரெண்டையும் பெருக்கி 2,06,265ஆல வகுத்தா விட்டம். நிலா 1,865 ஆர்க்செகண்ட், 3,84,400 கி.மீ., போட்டுப் பாருங்க, சுமார் 3,476 வரும். வியாழன் 47 ஆர்க்செகண்ட் காட்டி தூரம் 62.8 கோடி கி.மீ.ன்னு இருந்தா சுமார் 1,43,000 வரும், லிஸ்ட்ல இருக்கிற 1,39,820 இல்லையேன்னு பதற வேணாம், ஆப் காட்டுறது வயித்துப் பக்க விட்டம். தூரம் சில ஆப்ல வானியல் அலகுல (பூமிக்கும் சூரியனுக்கும் நடுவுல இருக்கிற சராசரி தூரம்) வரும், அத 14.96 கோடியால பெருக்கி கி.மீ. ஆக்கிட்டு அப்புறம் போடுங்க.